லயத்துப் பின்புறத்தில் ஒரு பொலித்தீன் வீடு: முதல் முறை கட்டுபவர்களுக்கு

ஜூன் பிறந்துவிட்டால் இலங்கை மலையகத்தில் எங்கள் லிந்துலைப் பக்கம் மழை விடாது. காலையில் தூறல், பகலில் சாரல், இரவு முழுக்கத் தகரத்தில் சத்தம். அந்த நாட்களில் வெளியில் நிற்கும் தக்காளியைப் பார்த்தால் வயிறு எரியும். முதலில் கீழ் இலையில் வெந்நீர் பட்டது போல ஒரு கறுப்புத் திட்டு. இலையைத் திருப்பினால் திட்டின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சணம். ஒரு கிழமைக்குள் தண்டு கறுத்து, காய் பழுப்பேறிக் கல் மாதிரி இறுகிவிடும். விவசாயப் போதனாசிரியர்கள் பிந்திய வெளிறல் நோய் என்று சொல்வது இதைத்தான். உருளைக்கிழங்கை வாரிக்கொண்டு போவதும் இதே நோய். இது பரவ இலை பல மணி நேரம் ஈரமாக இருக்க வேண்டும், காற்றும் குளிர்ந்திருக்க வேண்டும். மலையகத்தில் இரண்டுக்கும் பஞ்சமில்லை.

குளிரை நம்மால் மாற்ற முடியாது. இலை நனையாமல் பார்த்துக்கொள்ள முடியும். பொலித்தீன் வீடு நமக்குத் தேவைப்படுவது இந்த ஒரு வேலைக்குத்தான். குளிர் நாட்டுக்காரர்கள் கண்ணாடி வீடு கட்டுவது சூட்டைப் பிடித்து வைப்பதற்கு. அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு நாலு பக்கமும் அடைத்துக் கட்டினால் இங்கே பயிர் அழுகும். நமக்கு வேண்டியது செடிக்கு மேலே ஒரு பெரிய குடை. பக்கங்கள் திறந்திருக்க வேண்டும், குடை காற்றில் பறக்காமல் இருக்க வேண்டும்.

இதை நான் தெரிந்துகொண்டது நட்டப்பட்டு. முதலில் கட்டிய வீட்டைக் காற்றுப் புகாமல் மூடினேன். சூடாக இருந்தால் செடி வேகமாக வளரும் என்று நினைத்தேன். வளர்ந்ததும் உண்மைதான். ஒரு நாள் விடியற்காலையில் பக்கத்து லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) பெரியப்பா, தேயிலைக் கவ்வாத்து வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “என்னா தம்பி, வெளிய காயுது, ஒன் வீட்டுக்குள்ளாற மழ பெய்யுது?” என்றார். அண்ணாந்து பார்த்தேன். பொலித்தீனின் உட்பக்கம் முழுக்க நீர்த்துளி. விரலால் ஒரு குழாயைத் தட்டினேன், சடசடவென்று அத்தனையும் இலைமேல் கொட்டியது. செடியும் மண்ணும் விடும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் இரவுக் குளிரில் பொலித்தீனில் படிந்து, விடியும்போது திரும்பச் செடிமேல் விழுகிறது. வெளியே வந்த அதே நோய் உள்ளேயும் வந்தது. மிஞ்சிய செடிகளையும் கூரையையும் ஜூலைக் காற்று சேர்த்துக் கொண்டுபோனது.

அடுத்த முறை பக்கத்தைத் திறந்து, கயிறு போட்டுக் கட்டினேன். கீழே சொல்வதெல்லாம் அந்த இரண்டாவது வீட்டின் கணக்கு.

இடம்

தேயிலைத் தோட்டக் குடும்பங்களுக்கு வீடு கட்டக் கிடைத்த ஏழு பர்ச்சஸ் காணி என்றால் சுமார் 1,900 சதுர அடி. வீடு, முற்றம், மலசலகூடம் போக மிஞ்சும் இடத்தில் 8 அடிக்கு 20 அடி எடுத்தால் போதும். அரைப் பர்ச்சஸுக்குக் கொஞ்சம் கூட. இதைவிடப் பெரிதாக முதல் முறையிலேயே போகாதீர்கள். 13 அடி பைப் ஒன்றை வளைத்தால் 8 அடி அகலத்துக்குச் சரியாக வரும், ஒட்டு வேலை இல்லை. இந்த அளவைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய காரணம் அதுதான்.

காலை வெயில் விழும் இடமாகப் பாருங்கள். மலையகத்தில் பல இடங்களில் மதியத்துக்குப் பிறகு மூட்டம் இறங்கிவிடும், அதனால் காலை எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு வரை கிடைக்கும் வெயில்தான் செடிக்குச் சாப்பாடு. பெரிய மரத்துக்குக் கீழே வேண்டாம், நிழல் ஒரு பக்கம், காற்றில் முறியும் கிளை ஒரு பக்கம்.

வீடு எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்று கேட்பவர்கள் அதிகம். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம், சூரியன் தலைக்கு மேலேயே போகிறது, வெளிச்சத்துக்காகத் திசை பார்க்கத் தேவையில்லை. காற்றைத்தான் பார்க்க வேண்டும். ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை என்று மேற்குச் சரிவில் இருப்பவர்களுக்கு மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றுத்தான் கஷ்டம். பண்டாரவளை, வெலிமடை, பதுளைப் பக்கம் இருப்பவர்களுக்கு அந்த மாதங்களில் காய்ந்த காற்று அடிக்கும், மழை வருடக் கடைசியில் வடகீழ்ப் பருவத்தோடு வரும். உங்கள் பள்ளத்தாக்கில் எந்தப் பக்கமிருந்து காற்று எழும்புகிறது என்று அங்கே முப்பது வருடம் கொழுந்து எடுத்த ஒரு அம்மாவிடம் கேட்டால் கையை நீட்டிக் காட்டுவார். வீட்டின் 8 அடிக் குறுகிய முகம் அந்தப் பக்கம் பார்க்கட்டும். நீண்ட பக்கம் காற்றை வாங்கினால் அது பாய்மரம் ஆகிவிடும்.

காணி சரிவாக இருந்தால், கான் (தண்ணீர் வடியும் வாய்க்கால்) வெட்டியிருக்கும் போக்கிலேயே குறுக்காக நீளவாட்டை வையுங்கள். அப்படி வைக்கும்போது காற்று பக்கவாட்டில் அடிக்கும் என்றால் சரிவைத்தான் மதிக்க வேண்டும், காற்றுக்கு ஒரு உயிர்வேலி போட்டுக்கொள்ளலாம். இடம் சமப்படுத்துகிறேன் என்று மேல்கரையை ஆழமாக வெட்டவே கூடாது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்க முடியாது. வெட்டிய கரையும் வழியில்லாமல் தேங்கும் தண்ணீரும் சேர்ந்தால் மண் இளகும். ஓரடிக்கு மேல் வெட்ட வேண்டியிருந்தால் வேறு இடம் தேடுங்கள்.

தோட்டத்துக் காணியில் கட்டுவதாக இருந்தால் தூண் நடுவதற்கு முன்பே நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. மரம் வெட்டவும் அதே மாதிரித்தான்.

சாமான்

1 அங்குல பீ.வி.சீ. பைப் ஆறு, ஒவ்வொன்றும் 13 அடி. முக்கால் அங்குலம் மலிவு, வளைக்கவும் சுகம், ஆனால் காற்றுக்குத் தாங்காது. 5½ அடி நீளத் தூண் பன்னிரண்டு, 8 அடித் தூண் நாலு. மூங்கில் நீளமாக ஐந்தாறு. நைலோன் கயிறு 22 அடியாக ஐந்து துண்டு. பூச்சிவலை, கட்டுக்கம்பி, ஆணி, பழைய லொறி டியூப் ஒன்று, கழுவிய உரச்சாக்கு இருபது. ஆயுதம் என்று பார்த்தால் அலவாங்கு, மம்பட்டி, கவ்வாத்துக் கத்தி, ஒரு வாள், சுத்தியல், நூல். இவற்றில் பாதி எல்லார் வீட்டிலும் இருக்கும்.

காசு போவது பொலித்தீனுக்கு. அதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். 14 அடி அகலம், 22 அடி நீளம் கூரைக்கு வேண்டும், காற்று வரும் முகத்துக்கு இன்னொரு துண்டு. யூ.வி. பொலித்தீன் என்று கேட்டு, 200 மைக்ரோன் தடிப்பில் வாங்குங்கள். கேஜ் கணக்கில் பேசும் கடைக்காரரிடம் 800 கேஜ் என்றால் புரியும். சாதாரண வெள்ளைப் பொலித்தீன் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் வெயிலின் புறஊதாக் கதிர் அதைச் சில மாதத்தில் உரித்துவிடும். நான் ஒருமுறை யூ.வி. என்று சொல்லித் தந்ததை நம்பி வாங்கி, ஐந்தாம் மாதம் விரலால் அழுத்தியதும் பப்படம் போல உடைந்தது. சுருளில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள், பற்றுச்சீட்டில் யூ.வி. என்று எழுதி வாங்குங்கள். நல்ல பொலித்தீன் மூன்று வருடம் அளவில் நிற்கும்.

தூணுக்கு மூங்கிலோ யூக்கலிப்டஸ் கம்போ போதும். மண்ணுக்குள் போகும் அடிப்பக்கத்தை அடுப்பில் சுட்டு, மேல்தோல் கரியாகும்வரை கருக்கி எடுங்கள். கறையானும் அழுகலும் தள்ளிப்போகும். கழிவு ஒயில் பூசுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. சாப்பிடும் பயிருக்குப் பக்கத்தில் அது வேண்டாம்.

கட்டுவது

முதலில் நாலு மூலை. 8 அடி அகலப் பக்கத்தில் இரண்டு முளை அடித்து நூல் கட்டுங்கள். ஒரு முளையிலிருந்து நீளவாட்டில் 6 அடியில் ஒரு அடையாளம். அந்த அடையாளத்திலிருந்து எதிர் முளைக்கு மூலைவாட்டமாக அளந்தால் சரியாக 10 அடி வர வேண்டும். வந்தால் மூலை நேர். வராவிட்டால் நூலை நகர்த்துங்கள். கொத்தனார்கள் செய்வது இதே கணக்குத்தான். இதில் சோம்பல் பட்டால் கடைசியில் பொலித்தீன் ஒரு பக்கம் நீண்டு ஒரு பக்கம் குட்டையாகி நிற்கும்.

நீளவாட்டில் 0, 4, 8, 12, 16, 20 அடிகளில் இரண்டு பக்கமும் குழி. அலவாங்கால் 2 அடி ஆழம் போடுங்கள், தூண் 3½ அடி வெளியில் நிற்கும். குழியில் கல் போட்டு, மண் போட்டு, அலவாங்கின் பின்புறத்தால் இடித்து இறுக்குங்கள். தூணைப் பிடித்து உங்கள் முழு எடையையும் போட்டு ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் திரும்ப இடியுங்கள். மழைக்காலத்தில் மண் இளகும்போது இந்த இறுக்கம்தான் கூரையைப் பிடித்து நிற்கும். மூலைத் தூண் நாலையும் முதலில் நட்டு, அவற்றின் தலையில் நூல் இழுத்து, மற்றவற்றை நூலுக்குச் சரியாக நடுங்கள்.

பைப்பை வளைக்க இரண்டு பேர் வேண்டும். வெயிலில் அரை மணி நேரம் போட்டு எடுத்தால் இலகுவாக வளையும், நுவரெலியாக் குளிர்க் காலையில் வளைத்தால் வெடிக்கும். ஒவ்வொரு முனையும் தூணின் உட்பக்கத்தில் 9 அங்குலம் கீழே இறங்கி நிற்கட்டும். அந்த 9 அங்குலத்தில் மூன்று இடத்தில் கட்டுக்கம்பியால் இறுக்குங்கள், ஒரு கட்டு அறுந்தாலும் மற்றது பிடிக்கும். நடுவில் உயரம் 7 அடிக்குச் சற்றுக் குறைவாக வரும், ஆள் குனியாமல் நடக்கலாம்.

ஆறு வளைவும் நின்றதும் உச்சியில் ஒரு நீள மூங்கில், தோளில் பக்கத்துக்கு ஒன்று, எல்லா வளைவோடும் சேர்த்துக் கட்டுங்கள். உச்சி மூங்கில் பைப்புக்கு மேலே வரட்டும், கீழே வேண்டாம். பைப் மட்டும் இருந்தால் உச்சி தட்டையாக நிற்கும், மழைநீர் குளம் கட்டும். இந்தக் கூரை மூடும் நிலம் சுமார் 15 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் மழைக்கு 150 லீட்டர் தண்ணீர் விழுகிறது, நம் பக்கத்தில் அது ஒரு மணி நேர மழை. அதில் கால்வாசி ஒரு பள்ளத்தில் தேங்கினாலே பொலித்தீன் தொங்கிவிடும். மூங்கில் மேலே இருந்தால் கூரைக்கு முதுகு எழும்பும், தண்ணீர் இரண்டு பக்கமும் வழியும். மூங்கிலின் கணுக்களைக் கத்தியால் சீவி, பழைய சேலைத் துணி சுற்றிவிடுங்கள். பைப்பிலும் துணி சுற்ற வேண்டும். பீ.வி.சீ. வெயிலில் சுடுவதாலும், பொலித்தீனோடு ஒட்டியே கிடப்பதாலும் அந்தக் கோட்டில்தான் பொலித்தீன் முதலில் கிழியும். துணி இல்லாவிட்டால் வெள்ளைத் தண்ணீர்ப் பெயின்ட் ஒரு தடவை பூசலாம்.

தரையிலிருந்து 2½ அடி உயரத்தில் தூண்களின் வெளிப்பக்கம் நீளவாட்டில் பிளந்த மூங்கிலை ஆணியடியுங்கள். கூரைப் பொலித்தீனின் ஓரம் வந்து முடியும் இடம் இது. முன்முகத்திலும் பின்முகத்திலும் 8 அடித் தூண் இரண்டிரண்டு நட்டு, வளைவோடு கட்டினால் கதவு நிலையும் ஆயிற்று, வளைவுக்கு முட்டும் ஆயிற்று.

பொலித்தீன் போடும் நாள்

காற்று இல்லாத நாள் வேண்டும். வெயில் ஏறிய பிறகு, காற்று எழும்புவதற்கு முன்பு, காலை ஒன்பது மணி வாக்கில் தொடங்குங்கள். சூட்டில் பொலித்தீன் இளகி நிற்கும், அப்போது இழுத்துக் கட்டினால் குளிரில் சுருங்கி முரசு மாதிரி விறைக்கும். குளிரில் கட்டினால் மதிய வெயிலில் தொய்ந்து காற்றில் படபடக்கும், அந்தப் படபடப்பே அதைக் கிழிக்கும். எந்தப் பக்கம் வெளியே என்று சிலவற்றில் அச்சிட்டிருப்பார்கள், பாருங்கள்.

நாலு பேர் நாலு மூலையைப் பிடித்து, தரையில் இழுக்காமல் தூக்கிப் போடுங்கள். ஓரத்தை ஒரு மூங்கில் பிளாச்சில் சுற்றி, அந்தப் பிளாச்சை 2½ அடிச் சட்டத்தோடு வைத்து ஆணியடியுங்கள். ஆணித் தலைக்குக் கீழே டியூப் ரப்பரில் வெட்டிய சின்னச் சதுரம் ஒன்று. பொலித்தீனில் நேரடியாக ஆணி போனால் அந்த ஓட்டை ஒரு மாதத்தில் கை நுழையும் அளவாகும். முதலில் ஒரு பக்கம் முழுக்க முடித்து, பிறகு எதிர்ப் பக்கத்தில் நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்து இறுக்கிக்கொண்டு போங்கள். முகங்களில் மிஞ்சும் ஓரடியை முதல் வளைவிலும் கடைசி வளைவிலும் சுற்றி, தண்ணீர்க் குழாயை 4 அங்குலத் துண்டாக வெட்டி நீளவாட்டில் கீறினால் கிடைக்கும் கவ்வியை மேலே பொருத்துங்கள். வெட்டிய விளிம்பை மண்கடதாசியால் தேய்க்க மறக்க வேண்டாம்.

இனிக் கயிறு. இந்த வேலையைத் தயவுசெய்து நாளைக்கு என்று வைக்காதீர்கள். எனக்குத் தெரிந்து பறந்துபோன கூரைகளில் பாதிக்கு மேல் கயிறு போடாதவை. ஒவ்வொரு இரண்டு வளைவுக்கும் நடுவில், பொலித்தீனுக்கு மேலாக, ஒரு பக்கத்துத் தரையிலிருந்து மறுபக்கத்துத் தரைக்கு நைலோன் கயிறு. ஆறு வளைவுக்கு நடுவில் ஐந்து இடைவெளி, ஐந்து கயிறு. தரையில் 2 அடி முளையை வீட்டுக்கு எதிர்ப்பக்கமாகத் தலை சாய்த்து அடித்து, அதில் கட்டுங்கள். முளைக்கும் கயிற்றுக்கும் நடுவில் டியூப் ரப்பரில் ஒரு அங்குல அகலப் பட்டை ஒன்றை வளையமாக முடியுங்கள். காற்று ஒரு உதறு உதறும்போது ரப்பர் நீண்டு திரும்பும், கயிறு அறாது, முளை பிடுங்காது. பெருங்காற்று அடிக்கும் இரவில் இந்த ரப்பர் வளையங்கள் மூச்சு விடுவது போல நீண்டு சுருங்குவதை டோர்ச் அடித்துப் பார்த்திருக்கிறேன். மண் நிரப்பிய உரச்சாக்கு ஒன்றை ஒவ்வொரு முளைமேலும் வைத்தால் இன்னும் பலம்.

காற்று வரும் முகத்தைப் பொலித்தீனால் மூடி, மேலே ஒன்றரை அடிக்கு மட்டும் வலை வைத்து, மேல் விளிம்பில் கட்டிய ஒரு திரை தொங்க விடுங்கள். மற்ற முகம் முழுக்க வலை. காற்று உள்ளே புகுந்து வெளியேற வழியில்லாதபோது கூரையை இன்னும் பலமாகத் தூக்கும், புயல் நாளில் முன்திரையை இறக்கிவிட்டுப் பின்முகத்தைத் திறந்தே வைக்க வேண்டும். சூடு மேலே போய் வெளியேறவும் இந்த மேல் வலை உதவும். பக்கவாட்டில் 2½ அடிக்குப் பூச்சிவலை, அடி விளிம்பு அரையடி மண்ணுக்குள். வெண்ணிற ஈயும் அழுக்கணவனும் குறையும், பனிப்பூச்சி ரொம்பச் சின்னது, அது எப்படியும் வரும். உரச்சாக்குகளைப் பிரித்துத் தைத்து ஒரு படங்கு செய்து, சுருட்டிக் கட்டி வைத்தால் சாரல் அதிகமான நாளில் இறக்கிக்கொள்ளலாம். காட்டுப்பன்றிக்கு வலையும் பொலித்தீனும் தடையே இல்லை, பன்றி நடமாடும் இடத்தில் சுற்றி வலுவான வேலி தனியாக வேண்டும்.

கூரைத் தண்ணீர் விழும் இரண்டு பக்கமும் ஓரடி ஆழத்தில் கான் வெட்டி, ஏற்கெனவே இருக்கும் கானோடு சேருங்கள். மேல் பக்கத்தில் இன்னொன்று, மலையிலிருந்து வரும் தண்ணீரைத் திருப்ப. அயல் லயத்து அத்திவாரத்துக்குப் போகாமல் பாருங்கள். கான் வெட்டாத வீட்டுக்குள் கீழிருந்து ஈரம் ஊறி, கூரை போட்ட பலன் பாதி போய்விடும்.

உள்ளே

நடுவில் 2 அடி நடைபாதை, இரண்டு பக்கமும் 3 அடிப் பாத்தி. தேயிலை நின்ற மண் என்றால் புளிப்பு அதிகம். தேயிலைக்கு அது பிடிக்கும், மரக்கறிக்குப் பிடிக்காது. நடுவதற்கு இரண்டு கிழமை முன்பே, புளிப்பைக் குறைக்கும் டொலமைட் சுண்ணாம்புத் தூளைத் தூவி, மண் கிளறும் முள்ளால் குத்திக் கலந்துவிடுங்கள். இந்த 160 சதுர அடிக்கு 3 கிலோ அளவில் தொடங்கலாம். மண்ணைப் பரிசோதிக்க வழி இருந்தால் அதன்படி போடுவது சரி. கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். 1920 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனை பெறலாம். கூட்டெருவைத் தாராளமாகப் போடுங்கள். 2021இல் இரசாயன உரம் கிடைக்காமல் மலை முழுக்கத் தவித்தபோது கூட்டெருக் குழி வைத்திருந்தவர்கள்தான் ஏதோ கொஞ்சமாவது அறுத்தார்கள்.

என்ன நடலாம்? கரட், லீக்ஸ், கோவா, பீட், உருளைக்கிழங்கு இவற்றுக்கு இந்த இடத்தைக் கொடுக்காதீர்கள். அவை வெளியிலேயே வாழப் பழகியவை. மழையில் நாசமாகிற தக்காளி, கறிமிளகாய், பெல் பெப்பர், சலாது, இவைதான் குடைக்குக் கீழே நிற்க வேண்டியவை. என் அபிப்பிராயத்தில் முதல் மூன்று மாதம் நாற்றுக்கு மட்டும் பயன்படுத்தினாலே போட்ட காசில் ஒரு பங்கு திரும்பும். மழைக்காலத்தில் வெளி நாற்றுமேடையில் லீக்ஸும் கோவாவும் அழுகிப்போகும்போது, உங்கள் தட்டுகளில் திடமான நாற்று நின்றால் அயலார் தேடி வருவார்கள்.

தக்காளி என்றால் நடைபாதை ஓரமாக ஒவ்வொரு பாத்தியிலும் ஒரே வரிசை, ஒன்றரை அடிக்கு ஒன்று, ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு செடி. வெளி ஓரத்தில் கூரை தாழ்வு, அங்கே சலாது. நெருக்கி நடும் ஆசை எல்லோருக்கும் வரும், எனக்கும் ஒவ்வொரு முறையும் வருகிறது. இலையும் இலையும் தொட்டால் காற்று ஓடாது, திறந்து வைத்த பக்கத்துக்கு அர்த்தமில்லை. பக்கக் கிளைகளை விரல் நீளம் வருமுன் கிள்ளி, ஒற்றைத் தண்டாக ஏற்றுங்கள். முழங்கால் உயரம் வந்ததும் மண்ணைத் தொடும் கீழ் இலைகளை எடுத்துவிடுங்கள். செடியைக் கூரைப் பைப்பில் கட்டித் தொங்க விடக் கூடாது. காய் பிடித்த இருபத்து நாலு செடியின் பாரத்தை வளைவுகள் தாங்காது. பாத்தியில் தனியாகக் கம்பு ஊன்றிக் கட்டுங்கள்.

பூக்கும் காலத்தில் காலை பத்து மணி வாக்கில் கம்பை இரண்டு தட்டுத் தட்டுங்கள். தக்காளி தன் பூவிலேயே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும், காற்று ஆட்டுகிற வேலையைத்தான் நாம் செய்கிறோம். இரவுக் குளிர் 13 பாகைக்குக் கீழே போனால் பிஞ்சு சரியாகப் பிடிக்காது. நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் இருப்பவர்கள் டிசெம்பர், ஜனவரியில் பூக்காதபடி நாள் பார்த்து நடுவது புத்தி.

கூரை போட்ட பிறகு மழை உள்ளே வராது. மழை பெய்கிறதே என்று தண்ணீர் விடாமல் இருந்து செடி வாடிய கதை எங்கள் டிவிஷனிலேயே உண்டு. பீலியில் விழும் ஊற்றுத் தண்ணீரை மேட்டில் ஒரு பீப்பாயில் பிடித்து, மெல்லிய குழாயில் துளையிட்டுச் செடியடிக்கு விட்டால் மோட்டார் தேவையில்லை. எப்படி விட்டாலும் காலையில், வேரடியில், இலை நனையாமல். மாலையில் தெளித்தால் இரவு முழுக்க இலை ஈரம், பிறகு எதற்கு இந்த வீடு?

ஜனவரி, பெப்ரவரியில் மட்டும் வழக்கம் மாறும். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் நுவரெலியா, அக்கரப்பத்தனைப் பள்ளங்களில் விடியும்போது புல் வெள்ளையாக நிற்கும், தேயிலைத் துளிர் கருகும். அன்று மாலை நாலு மணிக்கே படங்குகளை இறக்கி, வெயில் தந்த சூட்டை உள்ளே நிறுத்துங்கள். ஒற்றைப் பொலித்தீன் உறைபனியை முழுசாகத் தடுக்காது, நாற்றுக்கு மேலே சாக்கோ பத்திரிகைத் தாளோ பரப்ப வேண்டும். காலையில் வெயில் பட்டதும் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். ஒரு நாள் திறக்க மறந்தால் உள்ளே மதியத்தில் நாம் நிற்க முடியாத சூடு ஏறிவிடும்.

தினமும் ஒரு சுற்று

விடிந்ததும் உள்ளே போய் முதலில் அண்ணாந்து பாருங்கள். துளி நிறையத் தொங்கினால் காற்றோட்டம் போதவில்லை, முந்தின இரவு படங்கைக் கூடுதலாக இறக்கியிருக்கிறீர்கள். பிறகு கீழ் இலை நாலைத் திருப்பிப் பாருங்கள். திட்டு கண்டால் அந்த இலையை அப்போதே பிடுங்கி, பைக்குள் போட்டு, தூரத்தில் புதைத்துவிடுங்கள். கூட்டெருக் குழியில் போடாதீர்கள். பெருங்காற்றுக்கு மறுநாள் கயிறும் முளையும் பார்க்க வேண்டும். பொலித்தீனில் சின்னக் கிழிசல் இருந்தால் துடைத்துக் காயவைத்து இரண்டு பக்கமும் ஒட்டுநாடா போடுங்கள், அன்றைக்கே.

தக்காளி முடிந்ததும் அதே இடத்தில் கறிமிளகாயோ பெல் பெப்பரோ வைக்க வேண்டாம். உருளைக்கிழங்கும் சேர்த்து எல்லாம் ஒரே குடும்பம், பக்டீரியா வாடல் மண்ணிலேயே காத்திருக்கும். நடுவில் ஒரு போகம் சலாதோ போஞ்சியோ போடுங்கள். மழை படாத மண்ணில் உரத்தின் உப்பும் சேர்ந்துகொண்டே வரும், பாத்தியின் மேலே வெள்ளையாகப் பூத்தது போலத் தெரிந்தால் அதுதான். மேற்குச் சரிவில் இருப்பவர்கள் ஒக்டோபர் மழைக்கு முன் ஒரு கிழமை ஒதுக்கி, நல்ல வெயில் நாளில் பொலித்தீனைக் கழற்றி, சவர்க்காரத் தண்ணீரில் பாசியைத் துடைத்து, நிழலில் காயவைத்து, மடிக்காமல் ஒரு மூங்கிலில் சுருட்டி இஸ்தோப்பில் (வீட்டு முன்திண்ணையில்) தூக்கிக் கட்டிவிடுங்கள். இரண்டு கிழமை மழை பாத்தியில் நன்றாக இறங்கட்டும். நவம்பரில் திரும்பக் கூரை ஏற்றும்போது மூங்கிலையும் கட்டுக்கம்பியையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, இற்றதை மாற்றிவிட்டு, பிறகு பொலித்தீனைப் போடுங்கள்.